கோப்பு இங்கே, கணக்கு அங்கே

குறிப்பிட்ட இடத்தில் அப்படியொரு கோப்பு இல்லை என்ற சிவப்பு வரி, புள்ளியியல் மென்பொருளை முதன்முதலாக இணையவழிப் பயன்படுத்தும் ஆய்வு மாணவர் ஏறத்தாழ எல்லோருக்கும் வந்து சேர்கிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. சற்று முன்னர்தான் எக்ஸெலில் திறந்து பார்த்து மூடினோம். அதன் பாதையையும் எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்திருக்கிறோம். ஆயினும் மென்பொருள் இல்லை என்றே சாதிக்கிறது. மொழியியல், சமூகவியல், கல்வியியல் துறைகளைச் சேர்ந்த இளைய நண்பர்கள் இது குறித்து அடிக்கடி கேட்பதால் ஒருமுறை விரிவாக எழுதிவைக்கிறேன். தொழில்நுட்ப விடை எளிது. அந்த விடையோடு சேர்ந்து வரும் பொறுப்பு அவ்வளவு எளிதன்று. இப்பதிவு பெரும்பாலும் அந்தப் பொறுப்பைப் பற்றியது.

முதலில் என் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளில் பேசப்படும் தமிழை ஒப்பிடுவது என் முனைவர்ப் பட்ட ஆய்வு. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் மிகுதி. மாட்டுங்காவில் பாலக்காட்டுத் தமிழ் பேசும் முதியோர் இன்னும் இருக்கின்றனர். இவ்விரு பகுதிகளிலிருந்தும் பெயர்ந்தவர்களையும் நேரே ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களையும் செம்பூரில் காணலாம். ழகரத்தை யார் ழகரமாகவே ஒலிக்கின்றனர், யார் ளகரமாக ஒலிக்கின்றனர், மும்பையில் பிறந்த தலைமுறையில் அது என்னவாகிறது என்பது ஒரு கேள்வி. அறையைக் குறிக்கும் ‘கோலி’, சந்திப்பைக் குறிக்கும் ‘நாக்கா’ முதலிய மராட்டிச் சொற்கள் யார் பேச்சில் எந்த அளவுக்குக் கலந்துள்ளன என்பது இன்னொன்று. ஒலிப்பதிவில் வரும் ஒவ்வொரு சொல்லும் அட்டவணையில் ஒரு வரியாகும். பேசியவர், வயது, பால், தொழில், சொந்த ஊர், குடும்பம் மும்பைக்கு வந்த ஆண்டு, சொல், ஒலிப்பு என்று நெடுவரிசைகள் நீளும். நேர்காணல் பெருகப் பெருக அட்டவணை சில ஆயிரம் வரிகளைக் கடந்துவிடும். ஒரே நபர் பலமுறை பேசிய சொற்களைக் கணக்கில் கொள்ளும் கலப்பு மாதிரிகளை இயக்க முற்படும்போது, பழைய மடிக்கணினி திணறும், அல்லது உரிமம் பெற்ற மென்பொருள் தொலைவிலுள்ள சர்வரில் மட்டுமே கிடைக்கும். அங்கேதான் அந்தச் சிவப்பு வரி காத்திருக்கிறது.

இனி விடை. சாஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வேளாண் ஆய்வுத் தரவுகளைப் பகுத்தறிய 1966இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி அது. 1976இல் தனி நிறுவனமாயிற்று. கல்வியாளர்களுக்கான அதன் இலவசப் பதிப்பு 2014 முதல் சில ஆண்டுகள் நம் கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் இயந்திரமாக இயங்கியது. நம் கோப்புறை ஒன்றை அதனுடன் பகிர்ந்துகொண்டால் போதும், எக்ஸெல் கோப்பை அது நேரடியாக வாசித்துவிடும். 2021இல் அப்பதிப்பு நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் இன்று இருப்பது முழுக்க முழுக்க இணையவழி இயங்கும் பதிப்பு. உலாவியில் திரை தெரிகிறது, விசைப்பலகை நம்முடையது. கணக்கிடும் இயந்திரம் மட்டும் எங்கோ இருக்கும் ஒரு லினக்ஸ் கணினி.

அந்தக் கணினியிடம் “சி டிரைவ், டாகுமெண்ட்ஸ், தாராவி” என்று பாதை சொல்வது, வெளியூர்க்காரரிடம் “எங்கள் வீட்டுப் பரணில் இரண்டாவது டப்பாவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வதற்கு ஒப்பானது. அவருக்கு நம் வீடே தெரியாது. அதற்குச் சி டிரைவ் என்ற ஒன்றே கிடையாது. அதன் பாதை சாய்கோடும் திசை மாறி இருக்கும். பேரெழுத்தும் சிற்றெழுத்தும் அதற்கு வேறு வேறு. ஆர் மொழிக்கான ஆர்ஸ்டூடியோ சர்வரிலும் இதே நிலைதான். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் திறந்தால் அதில் தெரிபவை சர்வரின் கோப்புறைகளே. கூகுள் கோலேபில் பதிவேற்றும் கோப்பு, அந்த அமர்வு முடிந்ததும் தற்காலிக இடத்தோடு சேர்ந்து மறைந்துவிடும்.

எனவே கோப்பை முதலில் சர்வரில் பதிவேற்ற வேண்டும். பிறகு சர்வரில் அது பெறும் பாதையை நிரலில் தர வேண்டும். சாஸ் எண்டர்பிரைஸ் கைடு போன்ற மேசைக் கருவிகள் உள்ளூர் எக்ஸெல் கோப்பைத் தாமே திறப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவையும் உள்ளடக்கத்தைப் பின்னணியில் சர்வருக்கு நகலெடுத்தே அனுப்புகின்றன. அந்த நிரலை மட்டும் தனியே எடுத்து நேரே சர்வரில் இயக்கினால் அது மீண்டும் அதே சிவப்பு வரியில் வந்து நிற்பது இதனால்தான். நம் விண்டோஸ் கணினியில் ஒரு சிறு சேவையை இயக்கிவைத்து, தொலைவிலுள்ள சாஸ் அதனுடன் பேசி எக்ஸெல் கோப்பை வாசிக்கும் ‘பிசி ஃபைல்ஸ் சர்வர்’ என்ற ஏற்பாடும் உண்டு. அலுவலகத்துக்குள் ஒரே வலையமைப்பில் அது நன்றாக இயங்கும். விடுதி வைஃபைக்குப் பின்னால் இருக்கும் மடிக்கணினியை வெளியிலுள்ள சர்வர் எளிதில் எட்ட முடியாது.

தொழில்நுட்பம் இவ்வளவே. ஆனால் இங்கே நிகழ்ந்தது என்ன என்பதைக் கவனியுங்கள். கோப்பைத் திறப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருந்தது உண்மையில் கோப்பை அனுப்புவது. அனுப்புதல் என்றால் இரண்டு கேள்விகள் எழும். சேர்ந்தது எது? சென்றது எது?

சேர்ந்ததை முதலில் பார்ப்போம். தமிழ்த் தரவு கைவசம் இருப்போருக்கு இது மிக முக்கியமானது. எக்ஸெலில் சாதாரண ‘சிஎஸ்வி’ என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் யாவும் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தப் பழைய குறியாக்கத்தில் தமிழுக்கு இடமே இல்லை. கேள்விக்குறியாக மாறியதை மீட்கவும் இயலாது. ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற வேறொரு தெரிவு உண்டு. அதையே எடுக்க வேண்டும். மாறாக, சரியாகச் சேமித்த கோப்பைத் தவறான குறியாக்கத்தில் திறந்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று மூன்று விசித்திர எழுத்துகளாகத் தெரியும். அது அச்சுறுத்துமே தவிர ஆபத்தில்லை. சரியான குறியாக்கத்தில் மீண்டும் திறந்தால் தமிழ் திரும்பிவிடும்.

உரக்கக் கத்தும் பிழை நமக்கு நன்மையே செய்கிறது. மௌனமாக நிகழும் பிழைதான் ஆய்வையே கெடுக்கும். ஓர் எளிய சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஓர் அட்டவணையில் முதல் சில நூறு வரிகளில் இடம் ‘தாராவி’ என்றும், பின்னர் ‘மாட்டுங்கா’ என்றும், இறுதியில் ‘செம்பூர்’ என்றும் இடுங்கள். அதைச் சிஎஸ்வி ஆக்கிச் சாஸின் இம்போர்ட் கட்டளையிடம் கொடுங்கள். வேறு ஏதும் சொல்லாவிட்டால் அது முதல் 20 வரிகளை மட்டும் பார்த்து நெடுவரிசையின் அகலத்தை முடிவு செய்கிறது. அகலம் எழுத்துக் கணக்கில் அன்று, பைட் கணக்கில். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். ‘தாராவி’ என்பதில் மெய்யும் உயிர்க்குறியுமாக 6 குறிகள். ஆக 18 பைட்டுகள். அதுவே அகலம் என்று தீர்மானமாகிவிடும். 30 பைட்டுகள் வேண்டிய ‘மாட்டுங்கா’ 18இல் வெட்டுண்டு ‘மாட்டு’ என்று நிற்கும். 24 பைட்டுகள் வேண்டிய ‘செம்பூர்’ வெட்டுண்டு ‘செம்பூ’ ஆகும். பிழைச் செய்தி ஏதும் வாராது. இடப்பெயர் என்பதால் கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் வெட்டுண்டது நாம் ஆராயும் சொல்லாக இருந்து, அதன் ஈற்று விகுதியே நம் ஆய்வுப் பொருளாகவும் இருந்தால் என்னாகும்? எல்லா வரிகளையும் பார்த்து அகலத்தை முடிவு செய்யுமாறு, கெஸ்ஸிங்ரோஸ் என்ற தெரிவுக்கு மேக்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் இச்சிக்கல் தீரும்.

இன்னொரு மௌனப் பிழையும் தமிழுக்கே உரியது. ‘கோ’ என்பதை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி ஒரே குறியாக வரலாம். அல்லது இடப்புற இரட்டைக்கொம்பும் வலப்புறக் காலும் இரு தனிக் குறிகளாக வரலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் எழுத்துச் சரங்களை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரு வேறு சொற்கள். ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மற்றொருவர் வேறொன்றிலும் தட்டச்சு செய்த அட்டவணைகளை ஒன்றாக்கினால், ‘கோலி’ என்ற ஒரே கடன்சொல் முடிவுப் பட்டியலில் இருமுறை தனித்தனி எண்ணிக்கையோடு வரக்கூடும். எண்ணுவதற்கு முன்னர் எல்லாச் சொற்களையும் ஒரே வடிவத்துக்குச் சீராக்குவது இன்றியமையாதது. அதற்கான கருவி எல்லா மொழிகளிலும் இருக்கிறது. ஆர் மொழியில் ஸ்ட்ரிங்கி தொகுப்பு அதைச் செய்யும்.

இவை சில்லறைச் சிக்கல்கள் என்று தோன்றினால் 2020 அக்டோபர் மாதத்தை நினைவுகூருங்கள். இங்கிலாந்தில் ஆய்வகங்கள் அனுப்பிய கோவிட் முடிவுகளை மையத்தில் பழைய எக்ஸெல் வடிவக் கோப்பில் ஏற்றினர். அவ்வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை மௌனமாக விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் வரவில்லை. அவர்களுடன் தொடர்பிலிருந்தோரைத் தேடுவதும் தாமதமாயிற்று. அனுப்பிய வரிகள் எத்தனை, சேர்ந்த வரிகள் எத்தனை என்று இரு முனைகளிலும் எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி: சென்றது எது?

சமூக மொழியியலில் குடும்பம் புலம்பெயர்ந்த ஆண்டு ஒரு சாதாரண மாறி. எவ்வளவு காலம் இங்கே இருக்கின்றனர் என்பது தெரியாமல் மொழிமாற்றத்தை அளக்க இயலாது. ஆனால் தாராவியில் அந்த ஆண்டு சாதாரணமானதன்று. மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்னிருந்தே தரைத்தள வீட்டில் இருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் வந்தோருக்கான ஏற்பாடு வேறு. அவர்களுக்கு இடம் தாராவிக்கு வெளியே. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பும் தொடங்கியது. அந்தச் சூழலில் ஓர் ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு சந்துக்குள் போய் “எந்த வருஷம் வந்தீங்க?” என்று கேட்டால், எதிரே இருப்பவர் காதில் அது மொழியியல் கேள்வியாக விழாது. வந்த ஆண்டைச் சொல்வதென்பது வீட்டைப் பற்றிச் சொல்வது.

தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் முதிய தகவலாளர் ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பின்னர் என்னிடம் கேட்டார்: “எய்யா, நாஞ் சொன்னதெல்லாம் ஒம் பொட்டிக்குள்ளதான இருக்கும்? வேற எங்கயும் போவாதுல்ல?”

பெட்டி என்று அவர் சொன்னது என் மடிக்கணினியை. “ஒங்க பேரும் வீடும் எங்கயும் போகாது, ஆச்சி. நீங்க பேசின வார்த்தைய மட்டும் எண்ணிப் பாக்குறதுக்கு வேற ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்புவேன்” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “வார்த்த போனாப் போவட்டும்” என்றார்.

ஒப்புதல் படிவத்தில் அவர் பதித்த கைநாட்டைக் காட்டிலும் அந்த உரையாடலையே நான் மெய்யான ஒப்புதலாகக் கருதுகிறேன். எது போகலாம், எது போகக்கூடாது என்று அவர் தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். என் கோப்பும் அவ்வாறே பிரிந்திருக்கிறது. ஒன்றில் பெயர், சந்து, தொலைபேசி எண், வந்த ஆண்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண். அது கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய நிலையில் என் கணினியில் மட்டும் இருக்கிறது. மற்றொன்றில் குறியீட்டு எண்ணும், சொல்லும், ஒலிப்பும், பகுப்பாய்வுக்கு வேண்டிய அளவு பின்னணியும். சர்வருக்குப் போவது இரண்டாவது மட்டுமே. அதில் வந்த ஆண்டு இல்லை. ‘ஊரில் பிறந்தவர், இங்கே பிறந்தவர், இங்கே பிறந்தவரின் பிள்ளை’ என்ற தலைமுறைப் பகுப்பு மட்டும் உண்டு. என் கேள்விக்கு அது போதுமானது.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க மக்கள்தொகையில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரை அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு தனித்து அடையாளம் காணக்கூடும் என்று லடான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் காட்டினார். நம் களம் அதைவிடச் சிறியது. மாட்டுங்காவில் எண்பது வயது கடந்த, பாலக்காட்டைச் சொந்த ஊராகக் கொண்ட, ஓய்வுபெற்ற இசை ஆசிரியை என்று ஒரு வரி இருந்தால், பெயரில்லாமலேயே அக்கம்பக்கத்தார் அவர் வீட்டு வாசலைக் காட்டிவிடுவர். ஆகவே வயதைப் பத்தாண்டுப் பிரிவாகவும், தொழிலை விரிந்த வகையாகவும், ஊரை மாவட்டமாகவும் மாற்றிய பின்னரே கோப்பு என் கணினியைவிட்டு நகர வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் விலக்குத் தருகிறது என்பது உண்மையே. ஆனால் அத்தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவு எதுவும் எடுக்கப்படலாகாது, வகுக்கப்பட்ட தரநெறிகளையும் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளுடன்தான்.

தரவு ஓரிடத்திலும் பகுப்பாய்வு வேறிடத்திலும் நிகழ்வது நம் துறைக்குப் புதிதன்று. 1894இல் தொடங்கி, 1903 முதல் 1928 வரை 11 தொகுதிகளாக வெளிவந்த இந்திய மொழியியல் அளக்கையை நினைத்துப் பாருங்கள். ‘கெட்ட குமாரன்’ உவமையை அந்தந்த ஊர்ப் பேச்சில் எழுதி அனுப்புமாறு மாவட்டந்தோறும் படிவங்கள் போயின. நிரப்பப்பட்டவை ஜார்ஜ் கிரியர்சனிடம் சேர்ந்தன; அளக்கையின் பெரும்பகுதிக் காலம் அவர் இங்கிலாந்தின் கேம்பர்லியில் வாழ்ந்தார். சென்னை மாகாணம் அந்த அளக்கைக்குள் வரவேயில்லை. அம்மாபெரும் உழைப்பின் பயனை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் உவமையைச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அது எங்கே போயிற்று என்று தெரிந்திருக்க வழியில்லை. நமக்கோ அதை அவர்களிடம் சொல்லிவிட்டுச் செல்லும் வாய்ப்பிருக்கிறது.

அனுப்பியது திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. செம்பூரை அடுத்த தேவ்னாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1992-93 முதல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஆனால் அதன் குடும்பவாரித் தரவுக் கோப்புகளை நம்மில் பலர் பதிவிறக்கி வந்தது அமெரிக்க நிதியில் இயங்கிய டிஹெச்எஸ் திட்டத்தின் தளத்திலிருந்து. 2025 பிப்ரவரியில் அந்நிதி நிறுத்தப்பட்டதும் திட்டமும் நின்றது. தரவு கேட்டுப் புதிதாக விண்ணப்பித்தோர் காத்திருக்க நேர்ந்தது. ஏற்கெனவே நகல் வைத்திருந்தோர் வேலை தொடர்ந்தது. நம் சொந்தத் தரவின் மூலக் கோப்பு என்றும் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சர்வரில் இருப்பது நகல் மட்டுமே. அதைத் திருத்தி அதையே மூலமாக்கிவிடும் பழக்கம் வேண்டா.

நண்பர்கள் கேட்கும் நடைமுறைச் சுருக்கம் இது.

1. களக்குறிப்பை எக்ஸெலில் இடும் முதல் நாளே அடையாளக் கோப்பையும் பகுப்பாய்வுக் கோப்பையும் தனித்தனியாகத் தொடங்குங்கள். பின்னால் பிரிப்பது கடினம்.

2. வகுப்பு, வயதுப் பிரிவு போன்ற நெடுவரிசைகளை எழுத்து வடிவமாக முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். இல்லையேல் ‘5-8’ என்பது ஆகஸ்ட் 5 ஆகிவிடும். இத்தகைய தேதி மாற்றத் தொல்லையால்தான் சில மனித மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களையே 2020இல் மாற்றி அறிவித்தனர்.

3. கோப்புப் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்தும் வேண்டா. உள்ளடக்கத்தில் தமிழ் தாராளமாக இருக்கட்டும்.

4. பதிவேற்றிய பின் வரிகளின் எண்ணிக்கை, தனித்தனிச் சொற்களின் எண்ணிக்கை, மிக நீண்ட சொல் ஆகிய மூன்றையும் இரு முனைகளிலும் ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

5. பகுப்பாய்வு முடிந்ததும் சர்வரில் உள்ள நகலை அழித்துவிடுங்கள். நிரலையும் முடிவுகளையும் மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒப்புதல் படிவங்களில் “உங்கள் தகவல்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்படும்” என்ற ஒரு பொதுவான வரியோடு நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பதிலாக நான் பயன்படுத்துவது இது: “உங்கள் பெயரும் முகவரியும் நீங்கள் மும்பைக்கு வந்த ஆண்டும் ஆய்வாளரின் கணினியைவிட்டு வெளியே செல்லா. நீங்கள் பேசிய சொற்கள் மட்டும், உங்கள் பெயரின்றி, வேறோர் இடத்திலுள்ள கணினியில் எண்ணப்படும்.” இதைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே ஒலிப்பதிவைத் தொடங்குகிறேன். கேட்டுவிட்டு இருவர் நேர்காணல் வேண்டாம் என்றனர். மற்றவர்கள் முன்னைவிடத் தயக்கமின்றிப் பேசினர். இவ்வரிகளை எடுத்தாள விரும்புவோர் எடுத்தாளலாம். உங்கள் களத்துக்கு ஏற்பத் திருத்தினால் எனக்கும் அனுப்புங்கள்.